தேவகோட்டை வீட்டில் ஒரு மான் மார்க் கியர் சைக்கிள்: வாங்குவதா, விடுவதா?

கண்மாய்க்கரை (காரைக்குடி), சனி இரவு

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாகப் பழைய மவுண்டன் பைக் தேடி அலைகிறேன். பழைய சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் என்னைத் தெரியாத கடைக்காரர் இல்லை. அங்கே இங்கிலாந்து ராலே சைக்கிள் கிடைக்கும். ஹம்பர் கிடைக்கும், முன் போர்க் இரட்டைக் கம்பியாக இறங்குமே, அதுவே மூன்று பார்த்திருக்கிறேன். எல்லாம் ரங்கூன், பினாங்கு என்று கப்பலேறி வந்தவை. அவற்றுக்கு மதிப்பு உண்டு என்று இப்போது எல்லோருக்கும் தெரியும், ஹோட்டல் முகப்பில் நிறுத்துவதற்கென்றே ஆட்கள் வந்து வாங்கிப் போகிறார்கள். ஆனால் 1980-களில் வந்த கியர் வண்டியைப் பழசு என்று யாரும் நினைப்பதில்லை. "ஓடாத ரேஞ்சர் சைக்கிள்" என்று சொல்லிக் கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். நான் தேடுவது அந்த வண்டிகளைத்தான்.

இன்று தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டுக்கு வயரிங் பார்க்கப் போனேன். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடு. அடுத்த மாதம் படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு), அதற்காகத் திறந்திருக்கிறார்கள். வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில், சாமான் அறைக்கு விளக்குப் போட்டுப் பார்த்தால், எனாமல் வாளிகளுக்கும் கிழிந்த பிரம்பு நாற்காலிக்கும் பின்னால் ஒரு சைக்கிள். யாரோ பிரஷ்ஷால் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், கேட்டுக்கு அடித்த மிச்சமாக இருக்க வேண்டும். ஸ்டிக்கர் எதுவும் தெரியவில்லை. டயர் தொட்டாலே உதிர்கிறது. ஹேண்டில்பாரும் அதைத் தாங்கும் ஸ்டெமும் ஒரே துண்டாக, முக்கோணமாக வெல்டு செய்தது. பின் கியரைத் துணியால் துடைத்தேன். கொம்போடு ஒரு மான் தலை.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், "இரும்புக் கடைக்காரன் 600 தர்றேன்னான், நீ 1,000 கொடுத்துட்டு எடுத்துக்க" என்றார். நான் வாங்கவில்லை. திங்கள்கிழமை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வந்ததிலிருந்து வேறு எதிலும் மனம் ஓடவில்லை. இது என்ன வண்டியாக இருக்கும்? நான் செய்தது சரியா?

ரஸ்தாக்காரன் (தேவகோட்டை ரஸ்தா), சனி இரவு

அண்ணே, என்ன காரியம் செய்தீர்கள்! உடனே திரும்பிப் போய் 1,000-ஐக் கொடுத்து எடுத்து வாருங்கள். போன வருடம் புதுவயலில் ஒரு வண்டியை "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போனால் ஃபிரேமை இரண்டாக அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். கண்ணால் பார்த்த பிறகு ஒரு ராத்திரிகூட விடக்கூடாது.

மான் தலை என்றால் ஷிமானோ என்ற ஜப்பான் கம்பெனியின் டியோர் எக்ஸ்டி பாகங்கள். அந்த கியர், பிரேக், கிராங்க் (பெடல் மாட்டும் கை) மூன்றையும் கழற்றி வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்றாலே நல்ல காசு. ஃபிரேமை வைத்துக்கொள்ளுங்கள்.

பால்ரஸ் (புதுவயல்), ஞாயிறு காலை

தம்பி, அவசரப்படாதே. முதலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சைக்கிள் கடையில் வளர்ந்தவன் நான், தாத்தா காலத்திலிருந்து கடை இருக்கிறது. ஸ்டிக்கரை நம்பி வண்டி வாங்கியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது ஏமாந்திருக்கிறார்கள். பெயர் மேலே ஒட்டுவது, உரித்து இன்னொன்றை ஒட்டிவிடலாம். வண்டியின் வயதைச் சொல்வது பாகங்கள்தான்.

ஷிமானோ பாகத்தின் பின்பக்கம், கிராங்க் என்றால் உள்பக்கம், இரண்டு ஆங்கில எழுத்து சின்னதாகக் குத்தியிருக்கும். முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். ஏ என்றால் 1976. அங்கிருந்து வருடத்துக்கு ஓர் எழுத்தாக எண்ணிக்கொண்டே போனால் இசட் வரும்போது 2001. மாதம் ஏ-யிலிருந்து எல் வரை, ஏ ஜனவரி, எல் டிசம்பர். 2002-ல் மறுபடி ஏ-யிலிருந்து தொடங்கியதால் குழம்பிவிடாதே, பாகத்தைப் பார்த்தாலே இருபத்தாறு வருட வித்தியாசம் தெரிந்துவிடும். சன்டூர் என்ற இன்னொரு ஜப்பான் கம்பெனி என்றால் கணக்கு வேறு, அங்கே ஏ 1974.

ஒரே ஒரு பாகத்தின் எழுத்தைப் பார்த்து முடிவு கட்டாதே. பின் கியரை யாராவது மாற்றியிருக்கலாம். கிராங்க், பின் கியர், பிரேக் மூன்றும் பக்கத்துப் பக்கத்து மாதமாக இருந்தால் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் வண்டியைத் தலைகீழாகப் போட்டு, கிராங்க் கூடு (கிராங்க் அச்சு சுழலும் குழாய்) அடியில் ஃபிரேம் எண்ணை எழுதிக்கொள். பெயின்டைச் சுரண்டாதே, டீசல் தொட்ட துணியால் துடை போதும்.

ரிம் என்ன? அலுமினியமா, இரும்பா?

கண்மாய்க்கரை, ஞாயிறு காலை

அலுமினியம், அண்ணே. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஃபிரேமில் ஒட்டியது.

ரஸ்தாக்காரன் தம்பி, பாகம் பாகமாகப் பிரித்து விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. நாற்பது வருடம் ஒன்றாக இருந்த பாகங்கள். அதைப் பிரித்துவிட்டால், இந்த வண்டி இப்படித்தான் ஓடியது என்று சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. கிராங்க் ஒரு நாட்டில், பிரேக் ஒரு நாட்டில், ஃபிரேம் இங்கே தகரப் பந்தலுக்குக் கீழே. எனக்கு அது வேண்டாம்.

நான் வாங்காமல் வந்ததற்குக் காரணம் வேறு. பெரியவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். வண்டி அவருடையது இல்லையே.

ரஸ்தாக்காரன், ஞாயிறு காலை

அவருடையது இல்லைதான் அண்ணே. ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் அதைத் தேடப் போவதும் இல்லை. படைப்பு முடிந்து சுத்தம் செய்யும்போது அவர்களே குப்பையோடு வெளியே போடுவார்கள். இரும்புக் கடைக்குப் போவதற்கு உங்களிடம் வருவது நல்லதுதானே? வண்டியைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பள்ளத்தூர் பேத்தி (சென்னை), ஞாயிறு மதியம்

பொதுவாக இங்கே படிப்பதோடு சரி. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீடும் அப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுதான். எட்டுப் புள்ளி, அதாவது எட்டுக் குடும்பம், எட்டுப் பங்கு. ஒருவர் சிங்கப்பூரில், இருவர் மலேசியாவில், மற்றவர்கள் சென்னை, கோவை. ஒரு வருடம் படைப்புக்குப் போனபோது, அப்பச்சி (எங்கள் அப்பா) படித்த காலத்தில் ஓட்டிய சைக்கிளைக் காணோம். கேட்டால், "பழசுதானேன்னு கொடுத்துட்டோம் ஆச்சி" என்றார்கள். கொடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் சம்பளமே சரியாகப் போய்ச் சேராத வருடங்கள் உண்டு. வாங்கிப் போனவர் ஒரே ஒரு போன் செய்திருந்தால் போதும். நாங்களே கொடுத்திருப்போமோ என்னவோ. அப்பச்சி அந்த வண்டியின் பெல்லைப் பற்றிக் கடைசி வரை பேசிக்கொண்டிருந்தார்.

யாரும் தேட மாட்டார்கள் என்று ரஸ்தாக்காரன் தம்பி எழுதியிருக்கிறார். தேடுகிறோம் தம்பி. ஊரில் இல்லாததால் தேடுவது உங்கள் கண்ணில் படுவதில்லை.

கண்மாய்க்கரை அண்ணன் செய்தது சரி. ஆனால் பாதிதான் செய்திருக்கிறார். வீட்டுக்காரர்களிடம் கேட்கும்போது "ஒரு பழைய சைக்கிள் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளட்டுமா" என்று மட்டும் கேட்டால் அது கேட்டதாகாது. அது என்ன வண்டி, என்ன பெறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரஸ்தாக்காரன், ஞாயிறு மதியம்

அக்கா, மன்னிக்கவும். அந்தப் பக்கத்திலிருந்து நான் யோசிக்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் நிஜமாகவே இருக்கிறது. விலையைச் சொல்லிவிட்டால், "அவ்வளவு பெறுமா, அப்போ வெச்சுக்குவோம்" என்று மறுபடி அதே அறையில் பூட்டிவிடுவார்கள். இன்னும் பத்து வருடத்தில் கரையான் மண்ணும் துருவும்தான் மிஞ்சும். அப்போது யாருக்கு லாபம்?

பள்ளத்தூர் பேத்தி, ஞாயிறு மதியம்

அப்படியும் நடக்கும். அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியாது. துருப்பிடிக்க விடுகிற உரிமையும் அவர்களுடையதுதான்.

ஈப்போ மாமா (ஈப்போ, மலேசியா), ஞாயிறு இரவு

முக்கோண ஹேண்டில்பார் என்று படித்ததும் எனக்கு 1986 நினைவுக்கு வந்துவிட்டது. அந்த வருடம் நான் வாங்கிய வண்டியிலும் அதுதான்.

இளைஞர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று கொஞ்சம் பின்னால் போகிறேன். அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்று ஒரு மாவட்டம். அங்கே சில வாலிபர்கள் 1930, 40-களின் தடித்த டயர் ஷ்வின் வண்டிகளைப் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கினார்கள். மலை உச்சிக்குக் கொண்டுபோய் மண்பாதையில் கண்மூடித்தனமாக இறங்கினார்கள். அந்த வண்டிகளுக்குப் பின் ஹப்புக்குள்ளேயே பிரேக், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும். ஒரு முறை இறங்கினால் ஹப் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் முழுக்க உருகிப் புகையாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். "திரும்ப அடை" என்பதற்கு ஆங்கிலத்தில் ரீபேக். அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர் விழுந்துவிட்டது. 1976 அக்டோபர் 21-ல் அங்கே முதல் போட்டி நடந்தது. அடுத்த வருடம் ஜோ பிரீஸ் அதற்கென்றே புதிதாக ஃபிரேம் செய்தார். 1979-ல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் கடை போட்டார்கள், டாம் ரிச்சி ஃபிரேம் செய்து கொடுத்தார். உங்கள் முக்கோண ஹேண்டில்பார் பிரபலமானதும் ரிச்சி கையால்தான்.

ஆக, பழைய சாமான் கடையில் பிறந்த வண்டி இது. கண்மாய்க்கரை தம்பி அங்கேயே அதைத் தேடுவது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது.

1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஸ்டம்ப்ஜம்ப்பர் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. கடையில் போய் வாங்கும்படி மொத்தமாகத் தயாரித்த முதல் மவுண்டன் பைக் அது. செய்தது ஜப்பானில். மறு வருடம், 1982-ல், ஷிமானோ இந்த வண்டிகளுக்கென்றே முதல் டியோர் எக்ஸ்டி செட்டை விட்டது. உங்கள் மான் அதுதான். ஜப்பான்காரர்களும் தங்கள் ஊருக்கே மவுண்டன் பைக் செய்யத் தொடங்கினார்கள். ரிம் செய்யும் அரயா கம்பெனி மட்டி ஃபாக்ஸ் என்ற பெயரில் வண்டி விற்றது.

எங்கள் அப்பா வாங்கிய ராலே, சிதம்பரம் என்ற கப்பலில் நாகப்பட்டினம் போய் ஊர் சேர்ந்தது. அதற்கப்புறம் ஊருக்கு என்ன அனுப்பினாலும் இப்படி ஏதாவது ஓர் அறையில்தான் போய் நிற்கிறது. போன் செய்யுங்கள் தம்பி. அந்த வண்டியை அனுப்பியவர் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

செம்மண் (கானாடுகாத்தான்), ஞாயிறு இரவு

கொஞ்சம் வேறு பக்கம் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வண்டி என்றதும் எல்லோரும் ஓடி வருகிறோம். நம் ஊரில் 1990-களில் ஓடிய முதல் தலைமுறை ஹீரோ ரேஞ்சர், ஹெர்குலிஸ் எம்டிபி (மவுண்டன் பைக்) எல்லாம் எங்கே? அந்தக் காலத்து ஸ்டிக்கரும் பெயின்டும் அப்படியே இருக்கிற ஒரு ரேஞ்சரை மூன்று வருடமாகத் தேடுகிறேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஸ்டம்ப்ஜம்ப்பருக்கு உலகம் முழுக்கச் சேகரிப்பவர்கள் உண்டு, எத்தனையோ வீடுகளில் பத்திரமாக இருக்கிறது. நம் ரேஞ்சருக்கு யார் இருக்கிறார்கள்? கனமான இரும்பு, கியர் சொன்னபடி விழாது, எல்லாம் உண்மை. ஆனால் எங்கள் தெருவில் தடித்த டயர் என்ற ஒன்றை முதலில் பார்த்தது அந்த வண்டியில்தான். பத்தாம் வகுப்பு மார்க்குக்காக எத்தனை பையன்களுக்கு அதை வாங்கித் தருவதாகச் சொல்லிப் படிக்க வைத்தார்கள்!

யாராவது ஒருவர் அதையும் எடுத்து வையுங்கள்.

பால்ரஸ், திங்கள் காலை

செம்மண் சொல்வது நெஞ்சில் தைக்கிறது. என் கடைப் பரணிலேயே இரண்டு ரேஞ்சர் ஃபிரேம் கிடந்தது. போன மழைக்கு ஒழுங்கு செய்யும்போது எடைக்குப் போட்டேன். இதை முன்னாடியே படித்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

பள்ளத்தூர் பேத்தி, திங்கள் காலை

இதில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ வண்டிகளைச் செய்த டிஐ சைக்கிள்ஸ் 1949-ல் அம்பத்தூரில் தொடங்கியது. தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குப் பள்ளத்தூர்தான் பூர்வீகம். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களின் அடுத்த தலைமுறை, இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து சைக்கிள் செய்தார்கள். ஊரில் பாதி வீடுகளில் வெளிநாட்டு ராலே நின்ற காலம் அது. செட்டிநாட்டு வண்டி என்று ஒன்றைப் பத்திரப்படுத்த வேண்டுமென்றால் பழைய ஹெர்குலிஸ் எம்டிபியையும் அதில் சேர்க்கத்தான் வேண்டும்.

கண்மாய்க்கரை, புதன் இரவு

பெரியவரிடமே நம்பர் கேட்டேன். முதலில் தயங்கினார். வண்டி யாரிடம் போனாலும் உங்களுக்கு 1,000 உண்டு என்று சொன்ன பிறகு கொடுத்தார். சென்னையில் இருக்கும் ஆச்சி எடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். மான் மார்க், ஜப்பான், சேகரிப்பவர்கள் என்ன விலை கொடுப்பார்கள் என்பது வரை எல்லாம் சொன்னேன். இரண்டு நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம், "அது எங்க கொழுந்தனார் சைக்கிளாச்சே" என்றார்கள். அவர் கோலாலம்பூரில் இருக்கிறார், வயது எழுபத்திரண்டு. நம்பர் கொடுத்தார்கள். வண்டியைத் தொட்டுப் பார்க்கவும் அனுமதி கொடுத்தார்கள்.

இன்று பால்ரஸ் அண்ணனோடு போயிருந்தேன். டீசல் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்ததில்:

கிராங்க்கில் ஜெ, எச். பின் கியரில் ஜெ, ஜி. பிரேக்கில் ஜெ, எச். அதாவது 1985 ஜூலை, ஆகஸ்ட். மூன்றும் பக்கத்துப் பக்கத்து மாதம். ரிம்மில் அரயா என்று பொறித்திருக்கிறது. சீட் குழாயில் சிவப்புப் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் தாங்கே என்ற ஜப்பான் குழாய்க் கம்பெனியின் ஸ்டிக்கர் ஓரம் தெரிகிறது. அடியில் இருக்கும் நிறம் கருநீலம். முன் குழாயில் பேட்ஜ் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை, பேட்ஜைக் காணோம். இடது கியர் லிவரின் வளையம் உடைந்திருக்கிறது.

சீட் கம்பி அசையவில்லை. பால்ரஸ் அண்ணன் அதைத் தொடவே விடவில்லை.

பால்ரஸ், புதன் இரவு

விடாததற்குக் காரணம் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். இரும்புக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி வருடக்கணக்கில் இருந்தால், ஈரம் சேரும்போது அலுமினியம் அரித்துப் பூத்து ஊதிக்கொள்ளும். அதைச் சுத்தியலால் அடித்தால் கம்பி வராது, ஃபிரேம்தான் பிளக்கும். துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு வாரம் விடு. வண்டியைத் தலைகீழாக்கி, கிராங்க் கூடு வழியாக மேலிருந்தும் எண்ணெய் இறங்கட்டும். தினமும் கொஞ்சம் விடு. அப்புறம் சீட்டைப் பிடித்து முறுக்கு, இழுக்காதே.

கண்மாய்க்கரை, புதன் இரவு

அண்ணன் சொல்வதை நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதற்கும் காரணம் உண்டு. இரண்டு வருடம் முன்பு கோட்டையூரில் ஒரு வண்டி கிடைத்தது. அவசரத்தில் கிராங்க் கூட்டின் வலது கப்பை (பால்ரஸ் உட்காரும் வளையம்) நானே கழற்றப் போனேன். எல்லா நட்டையும் போல இடது பக்கமாகத் திருப்பினேன். அந்தப் பக்கம் மட்டும் இடது மரை என்று அப்போது எனக்குத் தெரியாது. வலது பக்கம் திருப்பினால்தான் கழலும். இரும்புக் குழாயைச் செருகி முழு பலத்தோடு இறுக்கி இறுக்கி, கப்பின் விளிம்பு முழுக்க மழுங்கிவிட்டது. அந்த ஃபிரேம் இன்னும் அப்படியேதான் நிற்கிறது. 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று, வலது பக்கம் எதிர் மரை. அந்த அளவுக்கு உலகம் முழுக்க பிஎஸ்ஏ மரை என்றே பெயர். நம் ஊர் பிஎஸ்ஏ வண்டிக்கு அந்தப் பெயரைக் கொடுத்த பர்மிங்காம் கம்பெனியின் பெயர்தான் அது.

முகப்பு (ஆத்தங்குடி), வியாழன் காலை

நான் பழைய வீட்டுச் சாமான்களைச் செப்பனிட்டு ஹோட்டல்களுக்குக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட் பெயின்ட் அடித்த வண்டியை அப்படியே வைத்திருப்பதில் என்ன மரியாதை இருக்கிறது? மணல் வீசிப் பெயின்டை எடுத்து, பவுடர் கோட்டிங் கொடுத்து, கருநீலமே அடித்துவிடுங்கள். புது வண்டி போல இருக்கும். உடைந்த தேக்குக் கதவை நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், அதனால்தான் அது இன்னொரு ஐம்பது வருடம் நிற்கிறது.

பால்ரஸ், வியாழன் காலை

கதவுக்குச் சரி. சைக்கிள் குழாய் மெல்லியது. மணல் வீசுவது தெரிந்த கையாக இருந்தால் பரவாயில்லை, கேட்டுக்கு வீசும் வேகத்தில் வீசினால் மூட்டுப் பக்கம் தேய்ந்துவிடும். பவுடர் கோட்டிங்கும் கனமாக உட்காரும், ஃபிரேம் எண்ணே மூடிப்போகும். மேலே இருப்பது பிரஷ் பெயின்ட். அடிக்கும் முன் தேய்த்துச் சுத்தம் செய்திருக்க மாட்டார்கள். பொறுமையாக எடுத்தால் அடியில் இருக்கும் கருநீலம் அப்படியே கிடைக்க நிறைய வாய்ப்பு.

முகப்பு, வியாழன் மதியம்

அடியில் பழைய நிறம் நன்றாக இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். எங்கள் வேலையில் தூண்களில் அப்படி வரும். மேலே ஐந்து கோட் எனாமல், உரித்தால் உள்ளே பளபளவென்று பர்மா தேக்கு. சிந்தெடிக் எனாமலுக்கு நாங்கள் செய்யும் முறை ஒன்றிருக்கிறது: சூடு காற்று மெஷினைத் தூரத்தில் பிடித்து, மேல் கோட் மட்டும் இளகும்போது பிளாஸ்டிக் தகட்டால் நெம்புவது. இரும்புத் தகடு கூடாது. முதலில் அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில் ஓர் அங்குலம் செய்து பாருங்கள். ஸ்டிக்கர் பக்கம் சூடு போகவே கூடாது. தேவையென்றால் மெஷினைத் தருகிறேன், வந்து எடுத்துப் போங்கள்.

ரஸ்தாக்காரன், வியாழன் மதியம்

டயருக்கு என்ன செய்வது அண்ணே? வெளிநாட்டிலிருந்தா வரவழைப்பது?

பால்ரஸ், வியாழன் மதியம்

வேண்டாம். 26 இஞ்ச் என்று கேட்டு வாங்காதே, 26 இஞ்ச் என்ற பெயரில் நாலைந்து அளவு இருக்கிறது. டயர் ஓரத்தில் 559 என்ற எண் இருக்க வேண்டும். ரேஞ்சர் டயரில் அந்த எண்தான். பழைய பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் மாதிரி வண்டிகளின் 26-க்கு 1⅜ டயரில் 590 இருக்கும், அது இந்த ரிம்மில் நிற்காது. அமெரிக்க மலையில் ஓடிய அளவும் காரைக்குடிக் கடையில் தொங்கும் ரேஞ்சர் டயரின் அளவும் ஒன்று. பின் ஃப்ரீவீலும் திருகி மாட்டும் வகை, தேய்ந்திருந்தால் இங்கேயே கிடைக்கும்.

கண்மாய்க்கரை, ஞாயிறு இரவு

ஒரு வாரம் எழுதவில்லை. கோலாலம்பூர் ஐயாவோடு பேசியதை முதலில் சொல்கிறேன்.

வீடியோவில் வண்டியைக் காட்டினேன். "சிவப்பு எவன் அடிச்சான்?" என்பதுதான் முதல் கேள்வி. 1987-ல் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, ஊர் திரும்பும் ஒரு ஜப்பான்காரரிடம் வாங்கினாராம். ஆக அப்போதே அது செகண்ட் ஹேண்ட். அடுத்த வருடம் ஊருக்குக் கொண்டுவந்து இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார். விடியற்காலையில் கிளம்பிக் கண்மாய்க் கரை மேலேயே போவாராம், எதிரே ஆடு வந்தால் மட்டும் இறங்குவாராம். அப்பச்சி தவறிப்போன பிறகு, ஊருக்கு வந்தால் மூன்று நாளில் திரும்பிவிடுவதே வழக்கமாகிவிட்டது.

மறுநாள் ஒரு போட்டோ அனுப்பினார். வீட்டு முகப்பில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு காலைத் திண்ணையில் ஊன்றி வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தால் கீழ்க் குழாயில் எழுத்து தெரிகிறது. மட்டி ஃபாக்ஸ். ஈப்போ மாமா எழுதிய அதே அரயா வண்டி.

விலையைப் பற்றி மூன்று பங்காளிகளும் பேசிக்கொண்டார்கள். ஐயா பணமே வேண்டாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 12,000 என்று முடிவாயிற்று, அதை ஐயா தன் பெயரில் வாங்காமல் வீட்டு மராமத்துக் கணக்கில் சேர்க்கச் சொல்லிவிட்டார். சாமான் அறைக்கு ஓடு மாற்ற வேண்டியிருக்கிறதாம். பெரியவருக்கு 1,000 தனியாகக் கொடுத்தேன். இப்போது என்னைப் பார்த்தால் டீ சொல்கிறார். பக்கத்துத் தெருவில் இன்னொரு வீட்டிலும் ஏதோ கியர் சைக்கிள் நிற்கிறதாம், அதற்கும் வீட்டுக்காரர் நம்பரை அவரே வாங்கி வைத்திருக்கிறார்.

சீட் கம்பி எட்டாம் நாள் அசைந்தது. முகப்பு அண்ணன் மெஷின் மட்டும் தரவில்லை, அவரே இரண்டு மாலை வந்து உட்கார்ந்துவிட்டார். கீழ்க் குழாயில் முக்கால்வாசி நீலம் கிடைத்திருக்கிறது. எழுத்தில் பாதிதான். அதைப் புதிதாக ஒட்டப் போவதில்லை, பாதியாகவே இருக்கட்டும்.

இன்று காலை ரேஞ்சர் டயரோடு முதல் ஓட்டம். அந்தக் கண்மாய்க் கரையிலேயே போனேன். சரளைக் கல்லில் இறங்கும்போது முக்கோண ஹேண்டில்பார் கையில் அப்படி நிற்கிறது, கொஞ்சமும் வளையவில்லை. ஏறும்போது மான் மார்க் கியர் சத்தமே இல்லாமல் மாறியது. போனில் வீடியோ எடுத்து ஐயாவுக்கு அனுப்பினேன். படைப்புக்கு வருகிறாராம், சீட்டைக் கொஞ்சம் இறக்கி வைக்கச் சொன்னார்.

பள்ளத்தூர் பேத்தி, ஞாயிறு இரவு

அண்ணா, அந்தப் போட்டோவை இங்கே போட ஐயாவிடம் அனுமதி கேளுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு போட்டோகூட இல்லை.

செம்மண், ஞாயிறு இரவு

பக்கத்துத் தெரு வண்டி ரேஞ்சராக இருந்தால் முதல் போன் எனக்கு.

கண்மாய்க்கரை, ஞாயிறு இரவு

கட்டாயம். போட்டோவுக்கும் நாளைக்கே கேட்கிறேன்.

இடது லிவரின் வளையம் மட்டும் இன்னும் கம்பி வைத்துக் கட்டித்தான் நிற்கிறது. 22.2 மில்லிமீட்டர் ஹேண்டில்பாருக்குப் பொருந்தும் பழைய வளையம் யாரிடமாவது உண்டா? தனியாக வேண்டும், வேறு வண்டியிலிருந்து கழற்றித் தர வேண்டாம்.

பால்ரஸ், ஞாயிறு இரவு

தாத்தாவின் டப்பாவில் ஒன்று இருக்கிறது. ஸ்குரூ இல்லை, அதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை வண்டியிலேயே வா.